கசப்பு எனக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை? பீர் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு கூடிய வகை பீரைத்தான் புகழ்கிறார்கள். கசப்பு குறைந்த சாதா லாகர் பீர் குடித்தால் 'உனக்கு ருசி தெரியல' என்கிறார்கள். எனக்கோ ஐ.பி.ஏ. வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி இருக்கிறது. பழகினால் சரியாகுமா?
– முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. கசப்பை உணரும் ஏற்பிகள் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். பி.டி.சி. என்ற ஒரே பொருள் சிலருக்குக் கடும் கசப்பாகவும் சிலருக்குச் சப்பென்றும் இருப்பது 1931-லேயே கண்டறியப்பட்டது. எனவே நண்பருக்கு மணமாகத் தெரிவது உங்களுக்கு மருந்தாகத் தெரியலாம். பழக்கத்தால் ஓரளவு மாறும்தான், சர்க்கரை இல்லாத டிகாஷனுக்குப் பழகுவது போல. ஆனால் பழகியே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது.

வாங்கும்போது லேபிளில் ஐ.பி.யு. என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது, பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்பின் அளவு. சாதாரண லாகரில் பெரும்பாலும் 10 முதல் 20 வரையும் ஐ.பி.ஏ.வில் 40 முதல் 70 வரையும் இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பிவிடவும் முடியாது. பாகற்காய்க் குழம்பில் வெல்லம் போட்டால் கசப்பு எங்கும் போய்விடுவதில்லை, நாக்குக்குத் தெரிவதுதான் குறைகிறது. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், இனிப்பு பீரில் இதே வேலையைச் செய்கிறது. அதனால் 40 எண் உள்ள கறுப்பு பீர், அதே எண் உள்ள வெளிர் பீரைவிட மென்மையாக இருக்கலாம்.

உங்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க, லாகர், கோதுமை பீர், ஐ.பி.ஏ. மூன்றிலும் 330 மி.லி. பாட்டில் ஒவ்வொன்று வாங்கி, மூன்று பேராக உட்காருங்கள். ஆளுக்கு 60 மி.லி. அளவில், கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போங்கள். இடையிடையே தண்ணீரும் வெறும் பொரியும் போதும். நெத்திலி வறுவலைத் தள்ளி வையுங்கள். மிளகாய்க் காரம் ஹாப்ஸின் கசப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் இன்னும் கூட்டிக் காட்டும், ஐ.பி.ஏ. மீது வீண்பழி விழும். வறுவல் வேண்டும் என்றால் கோதுமை பீர் பொருந்தும். அதில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வந்தால் பயப்படாதீர்கள், எசென்ஸ் எதுவும் கலக்கவில்லை. பல கோதுமை பீர்களில் ஈஸ்ட்டே அந்த மணத்தைத் தரும். ஐ.பி.ஏ.வை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்து ஊற்றுங்கள். விறைக்கும் குளிரில் மணம் அடங்கிவிடும்.

கேள்வி: பச்சை பாட்டில் ஒன்று வாங்கினேன். திறந்ததும் ரப்பர் கருகிய மாதிரி, கந்தக நெடி. கடையில் 'அந்த பிராண்டே அப்படித்தான்' என்றார்கள். உண்மையா?
– வில்லியனூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் அது வெயில்பட்ட பீர். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கந்தகச் சேர்மமாக மாறும்போது இந்த நெடி வரும். நேரடி வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெரிதும் தடுத்துவிடும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேனுக்குள் ஒளியே போகாது. அதனால் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு அடுக்கியதை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். நனைந்த அட்டை வாசனை வந்தால் கதை வேறு, அது பழசானது அல்லது சூட்டில் கிடந்தது. நம்மூர் வெயிலில் குளிர்சாதனம் இல்லாத கிடங்கு என்றால், தயாரித்து மூன்று மாதத்துக்குள் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

காசு கொடுப்பதற்கு முன்பே தேதி, மூடி, உள்ளே ஏதாவது மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வடிகட்டாத கோதுமை பீரில் அடியில் படியும் ஈஸ்ட் மண்டி இயல்பானது. வேறு தூசி, பூச்சி தெரிந்தால் திறக்கவே வேண்டாம், திறந்த பாட்டிலை வைத்துப் புகாரை நிரூபிப்பது கடினம். பில்லையும் பேட்ச் எண்ணின் படத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: கூட வருபவர் இரண்டு ஸ்ட்ராங் அடித்துவிட்டு நிமிர்ந்து நடக்கிறார். எனக்கு ஒன்றிலேயே தலை சுற்றுகிறது. நான் வீக்கா?
– அரியாங்குப்பம் வாசகர்

பதில்: 'பீர்தானே' என்ற நினைப்பில்தான் தப்பு இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 650 மி.லி. பாட்டிலில் 8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 52 மி.லி., எடையில் சுமார் 41 கிராம். 42.8 சதவீத பிராந்தியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி., சுமார் 20 கிராம். ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். இதே பாட்டில் 5 சதவீதமாக இருந்தால் 26 கிராம்தான். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும், அந்த ஒரு ஸ்ட்ராங் இறங்கவே நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். இந்திய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை உள்ளது ஸ்ட்ராங். இந்தச் சதவீதம் லேபிளில் கட்டாயம் இருக்கும்.

எடை, உடலில் உள்ள நீரின் அளவு, வெறும் வயிறா சாப்பிட்ட வயிறா, இவையெல்லாம் சேர்ந்துதான் எவ்வளவு ஏறுகிறது என்பதை முடிவு செய்யும். பெண்களுக்குப் பொதுவாக அதே அளவில் அதிகமாக ஏறும். ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கிறவர்கள் தாக்குப்பிடிக்க முயலவே கூடாது, ஆல்கஹால் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு அந்த உடலில் தேங்குகிறது. உங்கள் நண்பர் நிமிர்ந்து நடப்பதும் பலம் ஆகாது. அடிக்கடி குடித்து மூளை பழகிவிட்டது, ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும். போலீஸ் ஊதச் சொல்லும் கருவிக்கு அவர் நடை தெரியாது. சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. 60 கிலோ ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் 5 சதவீத சின்ன பாட்டில் ஒன்றைக் குடித்தாலே அந்த இடத்தைத் தொட்டுவிடலாம். குடித்த நாளில் வண்டிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோவில் போங்கள்.

கேள்வி: பில்லோடு, சீல் உடைக்காமல் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இரண்டு பாட்டில் எடுத்து வரலாமா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: கூடாது. பில் வேறு, அனுமதி வேறு. அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்கோடு வண்டியும் பறிபோகலாம். வயது வரம்பும் மாறுகிறது: புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21.