ஏஐ டியூஷனுக்குப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மற்ற பாடங்கள் பரவாயில்லை, கணக்கில்தான் பின்தங்கியிருக்கிறான். ஆன்லைன் கல்வி நிறுவனம் ஒன்றிலிருந்து வீட்டுக்கே வந்து டெமோ காட்டினார்கள். “ஏஐ உங்கள் பையனைப் புரிந்துகொண்டு அவனுக்கென்றே தனியாகப் பாடம் நடத்தும்” என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு 48,000 ரூபாய். இன்றைக்கே சேர்ந்தால் 36,000 ரூபாயாம். சேர்க்கலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்குச் சேர்க்காதீர்கள், அதுதான் முதல் வேலை. “இன்றைக்கு மட்டும்” என்று சொல்லப்படும் விலை பெரும்பாலும் அடுத்த வாரமும் கிடைக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய விற்பனையில் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. அதில் முதலில் நிற்பதே இந்தப் போலி அவசரம்தான்.

இனி ஏஐ விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே சரக்கு அல்ல. பிள்ளை எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னான் என்று பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஒரு வகை. இது பல வருடங்களாகவே இருக்கிறது. சாட்ஜிபிடி போலக் கேட்டால் பதில் சொல்லி உரையாடுவது இன்னொரு வகை. இவை இரண்டும் இல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வீடியோவை ஓடவிட்டு, திரையில் பையனின் பெயரை மட்டும் போட்டுவிட்டு அதையும் ஏஐ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வந்தது இவற்றில் எது என்று தெரிந்தால்தான் விலையைப் பற்றியே பேச முடியும்.

முதல் வகை உண்மையிலேயே பலன் தரும். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2015-ல் டெல்லியில் 619 மாணவர்களை வைத்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் ஒரு மையத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கம்போலப் படித்தார்கள். நாலரை மாதத்தில், மையத்துக்குப் போன பிள்ளைகளின் கணக்கு முன்னேற்றம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது.

ஏன் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அந்தப் பிள்ளைகளில் ஆறாம் வகுப்புக்காரர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பறையில் ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்த, இவர்கள் மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே நின்றிருந்தார்கள். மென்பொருள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பித்தது. தனிப்பயன் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

விளம்பரங்களில் வராத இரண்டு விவரங்களும் அந்த ஆய்வில் உண்டு. ஒன்று, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதில் பாதிதான் கணினி. மீதி நேரம் சிறு குழுவாக உட்கார வைத்து ஒரு மனிதர் சொல்லிக்கொடுத்தார். மற்றொன்று, பள்ளித் தேர்வின் கணக்கு மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி மாற்றம் வரவில்லை. பள்ளித் தேர்வு அந்தந்த வகுப்புப் பாடத்தில்தானே கேட்கிறது? கீழே விட்ட பாடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது சில மாதங்களில் மார்க்காக மாறிவிடாது. ஆகவே “மூன்றே மாதத்தில் 90 மார்க்” என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்களை நம்ப வேண்டாம்.

இனி, நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. அவர்கள் தயாராகக் கொண்டுவரும் பயனர் கணக்கில் (லாகின்) டெமோ பார்க்காதீர்கள். உங்கள் பையனுக்குப் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கச் சொல்லி, அவனையே உட்கார வையுங்கள். பின்னம் வரும் இடத்தில் அவன் வேண்டுமென்றே தப்பாகப் போடட்டும். 1/2 + 1/3 என்று கேட்டால் 2/5 என்று எழுதட்டும். அடுத்து 1/4 + 1/2 வந்தால் 2/6 என்று எழுதட்டும். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டுவது என்பது பின்னத்தில் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்யும் தவறு. சுமாரான செயலி “தவறு, சரியான விடை 5/6” என்று காட்டிவிட்டு ஐந்து நிமிட வீடியோவைப் போடும். அடுத்த பிள்ளை வேறு தவறு செய்தாலும் அதே வீடியோதான் வரும். நல்ல செயலி இரண்டாவது முறை அதே தவறு வந்ததும் நின்றுவிடும். “2/5 பெரிதா, 1/2 பெரிதா?” என்று கேட்கும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று பையனே யோசிக்கும்படி விடும். பிறகு எட்டாம் வகுப்பை விட்டு இறங்கி, ஒரே அளவுப் பங்குகளாக வெட்டும் ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்குக் கூட்டிப் போகும். கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். டெமோவுக்கு வந்தவர் “பையன் தப்பா போட வேண்டாம்மா, நான் காட்டுறேன்” என்று குறுக்கே வந்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

சோதனையில் தேறியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள், மாதக் கணக்கில் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பைஜூஸ் என்ற ஆன்லைன் கல்வி நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் பெங்களூரில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கை தொடங்க உத்தரவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இரண்டு வருடத்தில் இந்த நிலை வரலாம் என்றால், இரண்டு வருடச் சேவைக்கு முன்பணம் கொடுப்பதில் உள்ள ஆபத்து உங்களுக்கே புரியும். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்தில் நான்கைந்து நாள், அரை மணி நேரம் அவன் பக்கத்தில் நீங்களோ வேறு யாரோ உட்கார முடியுமா? முடியாது என்றால் அதே பணத்துக்குத் தெருவில் இருக்கும் டியூஷன் ஆசிரியரிடம் அனுப்புங்கள். இது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரு செயலியில் பத்து நிமிடத் தேர்வு வைத்து, “உங்கள் மகள் பார்த்துக் கற்கும் வகை, அதற்கேற்பப் பாடம் தருவோம்” என்று அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கைக்கு மட்டும் 999 ரூபாய். இது சரிதானா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொடுக்க வேண்டாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். உங்கள் மகளுக்கு எந்தப் பாடம் எந்த இடத்தில் புரியவில்லை என்று சொல்லும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. அவள் எந்த “வகை” என்று சொல்லும் அறிக்கைக்கு இல்லை.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், “சாட்ஜிபிடி இலவசமாவே எல்லாம் சொல்லிக்கொடுக்குது, எதுக்குப்பா காசு கொடுத்து ஆப் வாங்கறீங்க?” என்கிறாள். அவள் சொல்வது சரியா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: பாதி சரி. மீதிப் பாதிக்கு துருக்கியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் கணக்குப் பயிற்சி செய்தார்கள். சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி கிடைத்தவர்கள் பயிற்சியின்போது மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அது கிடைக்கவே கிடைக்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றிய கருவி இன்னொரு குழுவுக்குக் கிடைத்தது. அவர்களுக்கு இந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. ஆனால் தேர்வில் தனி லாபமும் இல்லை.

ஆக, இலவசமாக இருப்பதில் தவறில்லை, விடையை அப்படியே வாங்கிக்கொள்வதில்தான் தவறு. சாட்ஜிபிடியில் படிப்பதற்கென்றே ஒரு முறை 2025 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே கூகுளின் ஜெமினியிலும் அதுபோல ஒன்று வந்தது. இரண்டும் விடையை நேராகக் கொடுக்காமல் படிப்படியாகக் கேள்வி கேட்டுக் கூட்டிப்போகும். மகள் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் முதலில் நோட்டில் தானாகப் போட்டுப் பார்த்துவிட்டு, சிக்கிய இடத்தை மட்டும் கேட்கட்டும். விடைகள் சில நேரம் தப்பாகவும் வரும், புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் அனுமதியோடுதான் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனத்தின் விதியே இருப்பதால், உங்களுக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

கேள்வி: என் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். “தமிழிலும் ஏஐ பேசும்” என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா? – ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: தமிழில் பேசும் என்பது உண்மைதான். நம் பாடப்புத்தகத்தின் தமிழைப் பேசுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. புத்தகத்தில் நிலைமம், உந்தம், முடுக்கம் என்று படிக்கும் பிள்ளைக்கு, செயலி அந்தந்த இடத்தில் வேறு ஏதோ சொல்லை மாற்றி மாற்றிப் போட்டால் தெரிந்த பாடமும் குழம்பிவிடும். தேர்வில் எந்தச் சொல்லை எழுதுவது? டெமோவின்போது பிள்ளையின் அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை அப்படியே கேளுங்கள். சொற்கள் பொருந்தவில்லை என்றால் வேண்டாம். சில செயலிகளில் வீடியோ மட்டும் தமிழில் இருக்கும். பயிற்சிக் கேள்விகளும் அறிக்கையும் ஆங்கிலத்தில் வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன்னால், பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள், பாடத்துக்கான காணொளிகள் வரும். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியும் இலவசம்தான். பிள்ளையின் தவறைப் பார்த்து மாறும் தனிப்பயன் இவற்றில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நம் பாடத்திட்டம், நம் சொற்கள். இவற்றோடு மாலையில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து “எங்கே புரியல?” என்று கேட்டால் அதுவே நிறைய.

கேள்வி: பதிவு செய்யும்போது மகனின் ஆதார், போட்டோ, பள்ளி மார்க் ஷீட் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வகுப்பும் பாடத்திட்டமும் தெரிந்தால் போதும், பாடம் நடத்திவிடலாம். ஆதார் எதற்கு? மறுத்துவிடுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெற பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை காவல் நாம்தான்.

கேள்வி: “மாதத் தவணை” என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்தும் ஓடிபியும் வாங்கினார்கள். பிறகுதான் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் என்று தெரிந்தது. மகள் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாள். சொன்ன தனி ஆசிரியரும் வரவே இல்லை. “15 நாள் ரீஃபண்ட் காலம் முடிந்துவிட்டது” என்கிறார்கள். கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அடிக்கடி வருகிறது, படிக்கும்போதெல்லாம் வேதனையாகவும் இருக்கிறது. பிள்ளை படிக்கட்டும் என்ற ஆசையில் போட்ட கையெழுத்து இது.

கோபத்தில் வங்கிக்குப் போய்த் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாடம் விற்றவர் ஒருவர், கடன் கொடுத்தவர் இன்னொருவர். தவணை தவறினால் சிபில் மதிப்பெண்ணில் அடி விழுவது உங்களுக்குத்தான்.

இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். போனில் பேசியது எதுவும் நிற்காது. எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், என்னென்ன சொல்லி விற்றார்கள், அதில் எது நடக்கவில்லை, சேவையை ரத்து செய்கிறேன், பயன்படுத்தாத காலத்துக்கான பணத்தைத் திருப்பி, கடனை முடித்துக்கொடுங்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். “வெறுமனே பிடிக்கவில்லை” என்று எழுதாதீர்கள். தனி ஆசிரியர் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் பலம், அதை முதல் வரியிலேயே வையுங்கள். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரப் படம், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பள்ளி, கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தபோதும், பயிற்சி நிலையங்கள் வரும் என்று தனியாகச் சொன்னது. “நாங்கள் கல்வி நிறுவனம், எங்கள் மேல் கேஸ் போட முடியாது” என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும்.

கடன் என்றே சொல்லாமல் கையெழுத்து வாங்கியது பற்றி நிதி நிறுவனத்துக்குத் தனியாக ஒரு புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், இதற்கும் கட்டணம் இல்லை. தகவலுக்கு 14448.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு: கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே, இத்தகைய நிறுவனங்களுக்குக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தர வேண்டாம் என்று பெற்றோரை எச்சரித்திருக்கிறது. ஓடிபி கேட்டால், “இது சந்தாவா, கடனா? கடன் என்றால் கொடுப்பது யார்?” என்று கேளுங்கள். டிஜிட்டல் கடனுக்கு முன்னால் வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத்தாளை உங்களிடம் தர வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்கியபின் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேற ஓர் அவகாசமும் உண்டு. அது எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.