வீடு இடிக்கிறீர்களா? ஜேசிபி கடைசியில் வரட்டும்

கேள்வி: மாமனார் 60 வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டது), தேக்குக் கட்டைகள். "ஜேசிபி விட்டால் ரெண்டே நாளில் தரைமட்டம், பழைய சாமானை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் காசே தர வேண்டாம்" என்கிறார் காண்ட்ராக்டர். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள், அம்மா. காசு வாங்காமல் ஒருவர் வீட்டை இடித்துத் தருகிறார் என்றால், அவருடைய கூலியைவிட உங்கள் வீட்டுத் தேக்குக்கு மதிப்பு அதிகம் என்று அர்த்தம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவுக்கும் தூணுக்கும் எங்கெங்கிருந்தோ வந்து விலை பேசுகிறார்கள்.

வீட்டைக் கட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் ஒயர், குழாய், கதவு, ஜன்னல், நிலை, கிரில். அப்புறம் மொட்டைமாடியின் தட்டோடு, அதன் கீழே இருக்கும் சுண்ணாம்பு ஜல்லி, டெரஸ் கல் (கூரைக்கான சின்னச் செங்கல்), கடைசியாகக் கட்டைகள். கூரை இறங்கின பிறகுதான் சுவர். அந்தக் காலத்து வீடு என்பதால் சுவரும் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருக்கலாம். பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் கலவையை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் உங்களுக்கு யோகம், செங்கல் முக்கால்வாசி முழுசாகவே கழன்று வரும். சிமெண்டில் கட்டியிருந்தால் கலவை விடாது, கல்தான் உடையும். முழுக்கல்லைச் சுரண்டி, தண்ணீரில் ஊறவைத்து காம்பவுண்ட் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம், உடைந்ததைத் தரைக்குக் கீழே நிரப்பலாம். ஜேசிபி முதல் நாளே இறங்கினால் இத்தனையும் மண்ணோடும் கண்ணாடியோடும் பிளாஸ்டிக்கோடும் கலந்து, ஒன்றுக்கும் உதவாத குவியலாகிவிடும். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். நல்ல பொருளை நாமே குப்பையாக்கிவிட்டு, அதை அள்ளிக்கொண்டு போக லாரிக்கு வேறு காசு கொடுக்கிறோம்.

கையால் பிரித்தால் நாள் கூடும், கூலியும் கூடும், அதை மறைக்கவில்லை. எது அவருக்கு, எது உங்களுக்கு, இடிபாடு எங்கே போகிறது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழுசாகக் கழற்றி, தனியாகக் கட்டி வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு காலி மனையில் "ரப்பிஷ் வேண்டும்" என்று போர்டு தொங்குகிறது. வீடு இடித்த இடிபாட்டை அங்கேயே கொட்டிவிடலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: மனை யாருடையது, பட்டா நிலமா, நீர்நிலையா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். உங்கள் பக்கம் தாழ்வான இடம் என்றாலே பெரும்பாலும் தண்ணீர் நிற்கிற இடம்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, ஆனால் அதற்கு வெகுமுன்பே அதன் ஓரங்களைக் குப்பையும் கட்டட இடிபாடும் தின்றுவிட்டன. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் வேறெங்கே போகும்? மனைக்காரரே எழுதிக் கொடுத்தால், மரம், பிளாஸ்டிக், பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கல்லும் மண்ணும் கொடுக்கலாம். இல்லையென்றால் 1913-க்கு போன் செய்து சென்னை மாநகராட்சியிடம் கேளுங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மணலாகவும் ஜல்லியாகவும் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. லாரிக்காரர் ராத்திரியில் ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. கழிவை உண்டாக்கியவர்தான் அதற்குப் பொறுப்பு என்று மத்திய அரசின் விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன.

கேள்வி: அப்படி அரைத்த ஜல்லியை வைத்துக் கட்டினால் வீடு நிற்குமா?
– வாசகர், கோவை

பதில்: அளவோடு போட்டால் நிற்கும். கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பே அனுமதிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லி என்றால், கம்பி போடும் கான்கிரீட்டில் எம்25 தரம் வரைக்கும் (எம் எண் கூடினால் கான்கிரீட்டின் பலம் கூடும்) மொத்த ஜல்லியில் 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், அஸ்திவாரத்துக்கு அடியில் பரப்பும் பி.சி.சி. மாதிரி எம்15-க்குக் கீழான பலம் குறைந்த கலவையில் முழுக்கவே போடலாம். செங்கல்லும் கலந்து வந்த ஜல்லியைத் தூணுக்கும் தளத்துக்கும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அது அடிக் கான்கிரீட்டோடு சரி. இந்த ஜல்லி தண்ணீரை அதிகம் குடிக்கும், அதனால் முந்தின நாளே நனைத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி அங்கேயே தண்ணீரை ஊற்றுவார், தரம் போவது அந்த இடத்தில்தான்.