சிங்கப்பூர்ல மன அழுத்தத்துக்கு (டிப்ரெஷன்) அரசாங்கப் பாலிகிளினிக்லயே பார்ப்பாங்களா, இல்ல புவாங்கோக் மனநல மருத்துவமனைக்குத் தான் போகணுமா?

நீங்க கேட்டது அம்மாவுக்காக, தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, ஆனா புவாங்கோக்னு சொன்னாலே அழறாங்கன்னு. முதல்ல அங்க போகணும்னு கட்டாயமே இல்லங்க. நிறைய பாலிகிளினிக்லயே பார்ப்பாங்க, இதுக்குப் பயிற்சி எடுத்த ஜிபி (அக்கம்பக்கத்துப் பொது டாக்டர்) கிளினிக்குகளும் இருக்கு. 2023 அக்டோபர்ல வந்த தேசிய மனநலத் திட்டத்துல, 2030க்குள்ள எல்லாப் பாலிகிளினிக்லயும், இன்னும் 900 ஜிபி கிளினிக்லயும் இந்தச் சேவை வரணும்னு சொல்லியிருக்காங்க.

எங்க அம்மா சுகர் செக்கப்புக்குப் போனப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு. "நெஞ்சு படபடங்குது டாக்டர்"னாங்க, இசிஜி நார்மல், அப்புறம் ஒரு தாள்ல ஒன்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சுன்னு. எங்க ஆளுங்க மனசு சரியில்லன்னு வாய் திறந்து சொல்லவே மாட்டாங்க, உடம்புவலின்னு தான் சொல்வாங்க, அதனாலதான் வழக்கமா பாக்குற டாக்டர்கிட்டயே இது இருக்கணும்னு நான் அவ்வளவு சொல்றேன்.

மருந்து கொடுத்தா உடனே வேலை செய்யாது, ரெண்டுலருந்து ஆறு வாரம் ஆகும், நீங்களா நிறுத்திடாதீங்க. மன அழுத்தம், பதற்றம் ரெண்டுக்கும் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்குன்னு சம்பளத்துலருந்து சேர்ற பணம்) எடுக்கலாம். டாக்டருக்கு சந்தேகம்னா மட்டும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்புவாரு.

அம்மா "செத்துட்டா நல்லது"ன்னு ஏதாவது பேசினா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, 1767க்கு (எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. அவசரம்னா ஆம்புலன்ஸுக்கு 995.