நான்கு இடம் மாறினான் என்கிறீர்கள்

கேள்வி: என் அப்பா ஒரே நிறுவனத்தில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் 22 ஆண்டாக ஒரே இடம். 28 வயதாகும் என் மகனோ 6 ஆண்டுக்குள் 4 இடம் மாறிவிட்டான். கேட்டால், ‘எல்லோரும் அப்படித்தான்’ என்கிறான். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையும் விசுவாசமும் இல்லாமல் போனது ஏன்?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மகனுக்கு 28 என்றால் உங்களுக்கு 55-ஐ ஒட்டி இருக்கும். 22 ஆண்டைக் கழித்தால், இப்போதைய வேலையில் சேர்ந்தபோது உங்களுக்கு முப்பது தாண்டியிருக்கிறது. அதற்கு முன் எங்கே இருந்தீர்கள், எத்தனை இடம் பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம். 28 வயது மகனை 28 வயது அப்பாவோடு ஒப்பிட வேண்டும். நீங்கள் ஒப்பிடுவது இன்றைய உங்களோடு.

இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் பல ஆண்டுகளாக, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரி மாதத்தில், வேலையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இப்போதைய முதலாளியிடம் தொடர்ந்து எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்? பதில்களை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவரின் பணிக்காலத்தை வெளியிடுகிறது. 25 முதல் 34 வயதுக்காரர்களுக்கு அது 1983-ல் 3 ஆண்டு. 2024-ல் 2.7 ஆண்டு. நாற்பது ஆண்டுகளில் ஏற்பட்ட குறைவு நான்கு மாதத்துக்கும் கீழே! இளைஞர்கள் அன்றும் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்கு ‘ஒரே இடம்’ என்று சொல்லும் பலரும் அன்று மாறிய இளைஞர்கள்தான்.

அப்படியென்றால் எதுவும் மாறவில்லையா? மாறியிருக்கிறது, ஆனால் நீங்கள் பார்க்கும் பக்கத்தில் இல்லை. 55 முதல் 64 வயதுக்காரர்களின் பணிக்காலம் 1983-ல் 12.2 ஆண்டு. 2024-ல் 9.6. அந்த வயது ஆண்களை மட்டும் எடுத்தால் 1983-ல் 15.3 இருந்தது. நீண்ட வேலையை இழந்தவர்கள் நரை விழுந்தவர்கள். அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று யாராவது சொல்வார்களா? அந்நாட்டில் 1979-ல் ஆலைகளில் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2010-ன் தொடக்கத்தில் 1 கோடியே 15 லட்சம் பேர்தான். 1983-ல் ஐந்தில் ஒருவர் தொழிற்சங்க உறுப்பினர். 2024-ல் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆலையும் போய், கேட்க ஆளும் இல்லாத இடத்தில் 30 ஆண்டு வேலை எங்கிருந்து வரும்?

பெண்கள் கதை தலைகீழ். 1983-ல் 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு நடுப் பணிக்காலம் 5.9 ஆண்டு, பெண்களுக்கு 4.2. இன்று அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே வேலையில் இருந்தார்கள்’ என்னும்போது அந்த ‘எல்லோரும்’ யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் பணிக்காலத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இனி, பலரும் தவறவிடும் இடம். பணிக்காலம் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று நினைக்கிறோம். ஒரு அலுவலகத்தில் ஒன்பது பேர் என்று வையுங்கள். அவர்கள் அங்கே இருக்கும் ஆண்டுகள் 1, 1, 2, 3, 5, 6, 8, 12, 20. நடுவில் நிற்பவருக்கு 5 ஆண்டு. வியாபாரம் படுத்துவிடுகிறது. கடைசியாக வந்த நால்வரை அனுப்பிவிட்டு, புது ஆள் எடுப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் 5, 6, 8, 12, 20. இப்போது நடுவில் நிற்பவருக்கு 8 ஆண்டு. எவருக்கும் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நான்கு குடும்பங்களுக்கு வருமானம் நின்றுபோனது. ஏட்டில் பணிக்காலம் மூன்று ஆண்டு உயர்ந்திருக்கிறது.

இது கற்பனைக் கணக்கோடு நிற்கவில்லை. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் நடுப் பணிக்காலம் 4.1 ஆண்டு. பிறகு வந்த பொருளாதாரச் சரிவில் சுமார் 87 லட்சம் வேலைகள் அழிந்தன. 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அதே வேளையில் பணிக்காலம் 2010-ல் 4.4, 2012-ல் 4.6 என்று ஏறியது. விசுவாசம் பெருகியதா? இல்லை. புதிதாக வந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், உள்ளே இருந்தவர்கள் பயத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபக்கம், 2023-ன் தொடக்கத்தில் வேலையின்மை 3.4 சதவீதம் வரை இறங்கியது. 1969-க்குப் பின் அவ்வளவு குறைந்ததில்லை. அதற்கு முந்தைய 2022-ல் மட்டும் தாமாக வேலையை விட்ட நிகழ்வுகள் 5 கோடிக்கு மேல். அடுத்து வந்த கணக்கெடுப்பில் பணிக்காலம் 3.9-க்கு இறங்கியது. ஆள் தேவைப்படும் காலத்தில் மனிதர்கள் துணிந்து மாறுகிறார்கள். எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்பதைப் பார்க்காமல் பணிக்காலத்தை மட்டும் பார்த்தால் பஞ்சகாலம் பொற்காலமாகத் தெரியும்.

நான் பத்திரிகைக்கு வந்த புதிதில் எங்கள் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் ஒருவர் இருந்தார். இருபத்தாறு ஆண்டு அனுபவம். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். விரல்கள் தாமாகவே எழுத்துப் பெட்டியின் சரியான அறைக்குப் போய் ஈய எழுத்தை எடுத்துவரும். ‘ணை’ எந்த மூலை, ‘ஞ’ எந்த மூலை என்று அவர் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. பிழை திருத்திய புரூஃபை நான் கொண்டுபோனால், வாங்குவதற்கு முன்பே எந்த வரி என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் கேட்டேன், இத்தனை காலம் எப்படி ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்று. “போறதுக்கு வேற எடம் ஏது தம்பி” என்றார். கணினி வந்தது. ஒரே ஆண்டில் எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போயின, அவரும் வீட்டுக்குப் போனார். இருபத்தாறு ஆண்டுக்கு ஈடாக அவர் கையில் கிடைத்தது சில மாதச் சம்பளம். எழுத்துப் பெட்டியில் மட்டும் பழகிய விரல்களை எடுத்துக்கொண்டு அந்த வயதில் அவர் எந்த வாசலுக்குப் போக முடியும்? இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

உறுத்தல் எனக்கு மட்டுமல்ல. ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் என்ற மூன்று பொருளியலாளர்கள் பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல ஆண்டு ஒரே இடத்தில் இருந்து, நிறுவனம் நொடித்ததால் வேலையிழந்தவர்கள், வேறு வேலை கிடைத்துப் பல ஆண்டான பிறகும் முன்பு வாங்கியிருக்கக் கூடியதில் சுமார் கால்பங்கை இழந்தபடியே இருந்தார்கள். ஒரு இடத்துக்கென்றே கற்ற நுணுக்கத்துக்கு மற்ற இடத்தில் விலை இல்லை. நீண்ட விசுவாசம் ஒரு பந்தயம். தோற்றால் முழுச் செலவும் தொழிலாளியுடையது.

அதற்காக, மாறுவதெல்லாம் சுதந்திரம் என்று உங்கள் மகனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். வாழ்நாள் வேலைக்குப் பெயர்போன ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1990-ல் ஊழியர்களில் ஐந்தில் ஒருவர்தான் நிரந்தரமல்லாதவர். இன்று மூன்றில் ஒருவருக்கு மேல். தாறுமாறாக ஏறியிருந்த நில, பங்கு விலைக் குமிழி உடைந்த பின் 1993 முதல் 2005 வரை படித்து வெளிவந்தவர்களின் காலத்தை ‘வேலைவாய்ப்புப் பனியுகம்’ என்றே அங்கே அழைக்கிறார்கள். அந்த வாசலில் நிரந்தர வேலை கிடைக்காதவர்களில் பலர் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குப் போய்க்கொண்டே நடுவயதை எட்டினார்கள். அவர்களும் ‘அடிக்கடி இடம் மாறியவர்கள்’தான். ராஜினாமா எழுதியவரும் ஒப்பந்தம் முடிந்தவரும் பயோடேட்டாவில் ஒரே மாதிரித் தெரிவார்கள்.

ஆகவே மகனை உட்காரவைத்து நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எதை அவனே விட்டான்? எதில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை? எங்கே ஆள்குறைப்பு? விட்ட இடத்தைவிடச் சேர்ந்த இடத்தில் சம்பளம் கூடியதா, வேலை கற்றுக்கொண்டானா? அவன் உங்களிடம் சொல்லாமல் ‘எல்லோரும் அப்படித்தான்’ என்று முடித்துக்கொண்டதற்கு, கேள்வியே பழிச்சொல்லாக வந்தது காரணமாக இருக்கலாம். அந்தக் கணக்கோடு மீண்டும் எழுதுங்கள். உங்களுடைய முப்பது வயதுக்கு முந்தைய கணக்கையும் சேர்த்து.