மெட்ரோ சுரங்கத் திட்டத்தில் வடிவமைப்புத் தலைவருக்கு அப்படி என்ன வேலை? கணக்கெல்லாம் மென்பொருளே போட்டுவிடுகிறதே?

கணக்கை மென்பொருள்தான் போடுகிறது, சரி. மண் எப்படிப்பட்டது என்று அதற்குச் சொல்வது யார்? நான் இந்தத் துறையில் மண்ணியல் (ஜியோடெக்னிக்கல் பொறியியல்) பக்கம் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சிங்கப்பூர் நிக்கோல் நெடுஞ்சாலை விபத்தைப் பற்றிப் படித்துவிட்டு வரச் சொல்வேன். உங்கள் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

2004 ஏப்ரல் 20. சர்க்கிள் லைன் மெட்ரோ பாதைக்காக மேலிருந்து தோண்டிக் கட்டி மூடும் வேலை. குழியின் ஆழம் ஏறத்தாழ 30 மீட்டர். இருபுறமும் டயஃப்ரம் சுவர், அதாவது தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் சுவர். அவை உள்ளே சாயாமலிருக்கக் குறுக்கே ஒன்பது அடுக்கு இரும்பு ஸ்ட்ரட்டுகள், அதாவது முட்டுக்கொடுக்கும் உத்தரங்கள். பத்தாவது அடுக்குக்குத் தோண்டும்போது மொத்தமும் சரிந்தது, பக்கத்து நெடுஞ்சாலையையும் இழுத்துக்கொண்டு. நான்கு பேர் இறந்தார்கள்.

அங்கே இருந்தது கடல் களிமண். அதில் தண்ணீர் சட்டென்று வடியாது. அந்த நிலையில் அதற்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதற்கு மென்பொருளில் தேர்ந்தெடுத்த முறை, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது. மண் பலமாகத் தெரிந்ததால் சுவரின் அசைவும் அதன் மீதான விசையும் குறைவாகவே கணக்கில் வந்தன. மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்தது இணைப்பு. ஸ்ட்ரட் போய் முட்டும் இடத்தில் சுவரையொட்டிப் படுக்கையாக ஓர் இரும்பு உத்தரம் இருக்கும், வாலர் என்போம். அதன் நடுத்தகடு மெலிதானது. நசுங்காமலிருக்க உள்ளே பலப்படுத்தும் தகடுகளைப் பற்றவைப்பார்கள். இங்கே பல இடங்களில் தகடுகளுக்குப் பதில் சி வடிவச் சானல்களை வைத்தார்கள். அவை நசுங்க ஆரம்பித்தால் தாங்குதிறன் மளமளவென்று இறங்கிவிடும். ஒன்பதாம் அடுக்கு விட்டதும் பாரம் எட்டாவதுக்குப் போனது. அங்கேயும் இணைப்பு பலவீனம்தான்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சுவருக்குள் பதித்த இன்க்ளினோமீட்டர்கள் (சாய்வை அளக்கும் கருவிகள்), சுவர் அனுமதித்த அளவைவிட அதிகமாக வளைவதாக வாரக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தன. அதற்காக வேலை நிற்கவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டு எச்சரிக்கை எல்லையை உயர்த்திக்கொண்டார்கள். அன்று காலையிலேயே வாலர்கள் வளைவதைத் தொழிலாளர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். போர்ஹோல் (சோதனைத் துளை) மண்ணைப் பார்த்து எந்த எண்ணை நம்புவது என்று முடிவெடுப்பதும், தளத்தில் மாற்றிய ஒவ்வொரு இணைப்பையும் திரும்பக் கணக்குப் போட வைப்பதும், அளவீடு எல்லை தாண்டினால் ‘நிறுத்துங்கள்’ என்பதும் தலைவரின் வேலை. கடைசியது சம்பளத்தில் சேராத பகுதி. ஒப்பந்தக் கெடு நெருங்கும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

டிபிஎம் (சுரங்கம் துளைக்கும் இயந்திரம்) ஓடும் பகுதி எளிது என்று சொல்லவில்லை. சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் மெட்ரோ பாதைக்கு மேலே சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கியது நினைவிருக்கும். பொதுவாக, இயந்திரம் வெட்டும் முகப்பில் கீழே பாறையும் மேலே தளர்மண்ணும் சேர்ந்து வந்தால் பெரிய தலைவலி. பாறையை இயந்திரம் மெதுவாக அரைக்கும் நேரத்தில் மேல் மண் அளவுக்கு மீறி உள்ளே கொட்டும். சுரங்கத்தின் உட்சுவராகப் பொருத்தும் ஒவ்வொரு கான்கிரீட் வளையத்துக்கும் எவ்வளவு மண் வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் என் தூக்கத்தை அதிகம் கெடுப்பவை ஸ்டேஷன் குழிகள்தான். அவற்றைத் தாங்குவதெல்லாம் பிறகு கழற்றப்போகிற தற்காலிக இரும்பு என்பதால் யாருக்கும் அதன் மீது பெரிய அக்கறை வருவதில்லை. தற்காலிக வேலையையும் நிரந்தரக் கட்டுமானத்தின் விதிகளுக்கே உட்படுத்த வேண்டும் என்று சிங்கப்பூர் விசாரணைக் குழு பரிந்துரைத்ததும் அதனால்தான்.

இந்தப் பக்கம் வர நினைத்தால் எம்.இ. மண்ணியல் படியுங்கள். அப்புறம், முதல் சில வருடங்கள் அலுவலகத்தில் உட்காராமல் தளத்தில் அளவீட்டுப் பிரிவில் இடம் கேட்டு வாங்குங்கள். அந்தப் பிரிவுக்குப் போட்டி குறைவு.