டாக்டரிடம் கேளுங்கள்: ஆறிய புண்ணுக்கு எதற்குக் கரண்ட்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. விசைப்படகில் தொழில். சிறு வயதில் தீச்சுட்ட தழும்பு இடது காதுக்கு முன்னால் உண்டு. போன வருடம் அது புண்ணாகி ஆறவே இல்லை. சதைப் பரிசோதனையில் தோல் புற்றுநோய் என்றார்கள். ஏப்ரலில் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ‘மூன்று சென்டிமீட்டர், நரம்பில் பரவல், காதோர எச்சில் சுரப்பியில் ஒரு நெறிக்கட்டியிலும் இருக்கிறது’ என்று அறிக்கை வந்திருக்கிறது. 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொல்கிறார்கள். அப்பாவோ, “புண்தான் ஆறிவிட்டதே, மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தொழிலுக்குப் போகிறேன்” என்கிறார். போகலாமா? பிழைத்துக்கொள்வாரா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: போகக் கூடாது. பிழைப்பாரா என்பதில் பாதி, அந்த முதல் கேள்வியில் அவர் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

தோல் புற்றுநோயில் பெரும்பாலானவை வெட்டி எடுத்ததோடு தீர்ந்துவிடும். அப்பாவுடையது அந்த ரகம் அல்ல. பழைய தீத்தழும்பில் கிளம்புவது பொல்லாதது, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறது, நெறிக்கட்டிக்கும் போய்விட்டது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நரம்பு. கன்னத்தில் எறும்பு ஊர்வது போல இருந்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நரம்பில் நுழைந்த நோய் அதையே வடமாகப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டை நோக்கி ஏறும். அது கத்திக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. வெளியே தோல் மூடியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரண்ட் வைப்பது அதற்குத்தான்: வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். நடுவில் நாள் விட்டால், மிஞ்சிய நோய்க்கு மூச்சுவிட இடம் கொடுத்ததாகிவிடும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர், புண் காய்ந்துவிட்டது என்று பதினோராம் நாளே மூட்டை கட்டினார். ஒன்பது மாதம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து சட்டைக் காலரை விலக்கினார். தாடைக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி மூன்று கட்டிகள். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு கேட்பீர்கள். இப்படி ஆபத்து மிகுந்த தோல் புற்றுநோய்க்கு, பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் வந்தவர்களுக்கு, அறுவையும் கதிர்வீச்சும் முடித்த 415 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. வேறு மருந்து இல்லாமலே இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 64 பேர். செமிப்ளிமாப் என்னும் எதிர்ப்பாற்றல் ஊசி போட்டவர்களில் 87 பேர். ஊசியின் விலை நமக்கு எட்டாத உயரம். ஆனாலும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கதிர்வீச்சோடு கார்போபிளாட்டின் கீமோவும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்று 321 பேரிடம் பார்த்து 2018-லேயே சொல்லிவிட்டார்கள். அந்த 64 பேரும் கரண்டை முடித்தவர்கள் என்பதை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

தொடங்கும் முன் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வாய் உலரும், அந்தப் பக்கத் தோல் கறுக்கும். சவரக்கத்தியும் உப்புத்தண்ணீரும் அங்கே படக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். முடிந்த பிறகு இரண்டு ஆண்டு கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். திரும்பினால் பெரும்பாலும் அதற்குள்தான். குளிக்கும்போது காதோரமும் கழுத்தும் தடவிப் பார்க்கட்டும். ஜூன் 15-ல் மற்றப் படகுகள் கிளம்பும் சத்தம் கேட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்கு அவரை மதுரையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: கருத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராதாமே?
– வாசகர், கீழக்கரை

பதில்: வெயிலால் வருவது குறைவு. ஆனால் தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் நமக்கு வரும். கீழ் உதட்டையும் காதையும் கவனியுங்கள். ஒரு மாதத்தில் ஆறாத புண்ணுக்கு மஞ்சள் பற்று போட்டுக் காத்திருக்காதீர்கள், காட்டிவிடுங்கள்.