தாய்மாமன் கடையும் 40,000 ரூபாய் முன்பணமும்

கேள்வி: கணவரை இழந்த என் தங்கைக்கு 40,000 ரூபாய் கொடுத்து உதவினேன். அது கழியும்வரை அவளுடைய 13 வயது மகன் என் மளிகைக் கடையில் வேலை பார்ப்பதாகப் பேச்சு. பொறாமை பிடித்த பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுக்க, தொழிலாளர் துறையினர் ஒரு பள்ளி நாளில் காலை 11 மணிக்கு வந்து பையனை மீட்டு, என்மீது வழக்குத் தொடர்ந்துள்ளனர். தாய்மாமன் கடையில் மருமகன் இருப்பது குற்றமா?

பதில்: புகார் கொடுத்தவரின் பொறாமையை விட்டுவிடுங்கள், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி எவரும் முறையிடலாம். தாய்மாமன் என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு: 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தாயின் உடன்பிறந்தவரையும் குடும்பமாகவே கொள்கிறது. இவ்வளவு அகலமான விலக்கைக் கொடுத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் அது பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் செய்யும் உதவிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், காலை 11 மணி என்ற ஒன்றே உங்கள் அந்த வாதத்தை முறியடித்துவிடும்.

என் கவலை அந்த 40,000 ரூபாயைப் பற்றியது. தம் நல்லெண்ணத்தைக் காட்டுவதாக எண்ணி, 'குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்தேன், கூலியில் கழித்துவந்தேன்' என்று தாமே வாக்குமூலம் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். கடனுக்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பைப் பெறுவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்த உங்களுடையதே. கூலியைப் பிடித்து வைத்தது இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆவது பிரிவையும் இழுக்கும். அதில் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அன்பளிப்பாகக் கொடுத்த பணம் என்று முன்தேதியிட்ட பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கும் யோசனை இருந்தால், இன்றே கைவிடுங்கள். அது பொய் ஆவணக் குற்றத்தையும் சேர்த்துவிடும், அவரையும் குற்றவாளியாக்கும்.

முதல் குற்றம்தானே, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 14டி பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் தொகை கட்டி இணக்கத் தீர்வு பெறலாம் என்று எண்ணாதீர்கள்; அது பெற்றோர், பாதுகாவலர் ஆகியோருக்கும் 14(3) பிரிவில் வரும் சிறு மீறல்களுக்கும்தான், குழந்தையை வேலைக்கு வைத்த குற்றத்துக்கு அன்று. மற்ற இரண்டு சட்டங்களும் தனியே நிற்கின்றன. ஆகவே விசாரணைக்கு முன்பே கடனை எழுத்துமூலம் தள்ளுபடி செய்து, வேலை பார்த்த நாள்களுக்கான முழுக் கூலியையும் பையன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள். அவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அரசுப் பள்ளி மறுக்க முடியாது. சேர்க்கைச் சான்றை வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் கொடுங்கள். விசாரணை அலுவலர் கேட்பதற்கு மட்டும், வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கள்.